இரண்டாம் மூலையின் ஐந்தாம் கை

வண்டல்திட்டுக்குப் பாலம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், அதே பதினொன்று இருபதுக்குத்தான் உப்பங்கழிக்கு இந்தப் பக்கம், முதுநகரில் மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருந்த அட்சரம் டைப்செட்டர்ஸ் அலுவலகத்தில், அஞ்சலாட்சி தன் கோப்பை ஓட்டி, நாற்பத்தொரு வளையங்கள் கைகோத்து நிற்கும் ஒரு மூலக்கூறைத் திரையில் பிழையில்லாமல் வரவழைத்தாள்; எந்தக் கோப்பு எப்போது ஓடியது என்பதைக் கணினி தானாகவே குறித்து வைத்துக்கொள்ளும், அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

அட்சரத்தில் பதினெட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் எழுதும் வேதியியல் கட்டுரைகளைப் பத்திரிகையில் அச்சேறும் கோலத்துக்குக் கோத்துக் கொடுப்பது அவர்கள் வேலை. மற்ற பதினேழு பேரும் வளையத்தை மவுஸால் வரைந்தார்கள். அஞ்சலாட்சி மட்டும் எழுதினாள். அவளிடம் மேக்ரோக்கள் இருந்தன. மேக்ரோ என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை, ஒரு வேலையை ஒருமுறை ஒழுங்காக எழுதிவைத்து அதற்கு ஒரு பெயர் சூட்டிவிட்டால், அப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாத்திரத்தில் வந்து நின்று செய்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். ஆறு மூலை வளையம் வேண்டுமா, அதன் பெயரைச் சொல். உச்சி மூலை ஒன்று, அதிலிருந்து கடிகாரம் சுற்றும் வாக்கில் இரண்டு, மூன்று, நான்கு என்று ஆறு வரை. எந்த மூலையில் எது தொங்குகிறது, எந்தப் பக்கம் ஒற்றைக்கோடு, எந்தப் பக்கம் இரட்டைக்கோடு என்று எண்களைச் சொல். வளையம் முடிந்த இடமும் தொடங்கிய இடமும் ஒரு மயிரிழை விலகாமல் சேர்ந்துகொள்ளும். ‘அழகாக் கோலம் போடறீங்கக்கா’ என்று புதிதாய் வந்தவர்கள் யாராவது சொல்லிவிட்டால் அவளுக்குப் பொத்துக்கொண்டு வரும். ‘கோலத்துல ஒரு இழை கூடுனா அழகு. இதுல ஒரு இழை கூடுனா அது வேற சாமான்’ என்பாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. கார்பனுக்கு நாலு கை, நாலு பிணைப்பு; ஐந்தாவது கிடையாது. மூலை என்று எங்கே இருக்கிறதோ அங்கே எழுத்து இல்லாவிட்டாலும் ஒரு கார்பன் நிற்கிறது. ஒற்றைக்கோடு ஒரு கை, இரட்டைக்கோடு இரண்டு கை. மீந்த கையைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஹைட்ரஜன் பிடித்துக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள் இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பதினோரு வருடம் கட்டுரை கட்டுரையாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததில் அவளுக்கே தெரிந்து போனது. சம்பளம் வாங்குகிற வேதியியல்காரர்கள் தவறவிட்ட கையை அவள் எண்ணிப் பிடித்திருக்கிறாள் என்பதை இங்கே அடித்துச் சொல்லலாம்.

அன்றைக்கும் கோப்பு ஓடி முடிந்ததும், வழக்கம்போல விரல் வைத்து ஒவ்வொரு மூலையாக எண்ணிக்கொண்டு போனாள். நாற்பது வளையமும் சுத்தம். நாற்பத்தொன்றாவது வளையத்தின் இரண்டாம் மூலையில் விரல் நின்றது. ஒரு பக்கம் இரட்டைக்கோடு, இரண்டு கை. மறுபக்கம் ஒற்றைக்கோடு, மூன்று. அங்கே OH என்று ஒன்று தொங்கியது, நான்கு. அதற்கும் மேலே வெளியே நீளும் வால் ஒன்று, ஐந்து. கையெழுத்துப்படியைப் பார்த்தாள், பேராசிரியர் வரைந்ததும் அப்படித்தான் இருந்தது. வந்ததை வந்தபடி கோக்க வேண்டும், சந்தேகம் இருந்தால் தானாகத் திருத்தாமல் எழுதியவரிடமே கேட்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் சட்டம். அப்படிக் கேட்பதற்குக் குவரி என்று பெயர். ‘குவரி ஏழு: இரண்டாம் மூலையில்’ என்று அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது கொழுந்தன் எட்டியப்பனிடமிருந்து போன் வந்தது.

“அண்ணி, நம்ம திட்டுக்குப் பாலம் வந்துடுச்சி.”

“எங்கேர்ந்து?”

“யாருக்குத் தெரியும்? இல்லாம இருந்துது, இப்ப இருக்குது. கறுப்பா, வளையம் வளையமா. அங்கங்க இங்கிலீசு எழுத்து நிக்குது. நம்ம கரையாண்ட ஒண்ணுல ஓ, ஹெச்சுன்னு போட்டிருக்கு. அதுலேர்ந்து தண்ணி சொட்டுது அண்ணி.”

அஞ்சலாட்சி திரையைப் பார்த்தாள். பிறகு, தட்டச்சு செய்த குவரியை எழுத்து எழுத்தாக அழித்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. பழைய பாலத்தைப் புயல் அடித்துக்கொண்டு போய் ஆறு வருடம்; திட்டுக்கரையில் ஒரு கருங்கல் தூண் மட்டும் மிச்சம். அதற்குப் பிறகு நூற்றிருபது குடும்பத்துக்கும் அவள் கணவன் தேசப்பனின் படகுதான் வழி. அந்தத் தேசப்பனுக்கே இரண்டு வருடத்துக்கு முன் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள், காலை ஆறு மணிக்கு, பெரியாஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்கும் எந்திரத்தில் அவன் படுத்தாக வேண்டும். தம்பி எட்டியப்பன் படகு தள்ளினான். ஆனால் கழியில் காலை வேளையில் தண்ணீர் வற்றினால் படகு சேற்றில் உட்கார்ந்துகொள்ளும், எட்டு மணியானாலும் எழுந்திருக்காது. அப்படி நான்கு தடவை முறை தவறி, நான்காம் முறை மூச்சு வாங்கி முகம் வீங்கி, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவு சேற்றில் நடந்திருக்கிறார்கள். இன்னொரு முறை தவறினால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். 

பாலம் அழகாக இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கட்டில் அகல வளையங்கள் நாற்பத்தொன்று, பக்கத்தோடு பக்கம் ஒட்டி, நகரத்துக் கரையிலிருந்து திட்டுவரை தண்ணீருக்கு மேல் முழ உயரத்தில் தூண் ஏதும் இல்லாமல் கிடந்தன. கோடு ஒவ்வொன்றும் பனைமர உருட்டு கனம், மூலை ஒவ்வொன்றும் சீவியது போல் துல்லியம். முதலில் ஒரு ஆடு போய்ப் பார்த்தது. ஆட்டைத் தேடி அதன் சொந்தக்காரி போனாள். அவளைத் தேடி அவள் புருஷன் போனான். இப்படியாக மாலைக்குள் திட்டில் பாதிப் பேர் டீ குடிக்க முதுநகருக்கு நடந்து போய்த் திரும்பியிருந்தார்கள். மறுநாள் இரட்டைக்கோடுகளின் மேல் பலகை பரப்பிக் கயிற்றால் கட்டினார்கள், ஏனென்றால் ஒற்றைக்கோட்டைவிட இரட்டைக்கோடு அசையாது என்பதைக் காலே கண்டுபிடித்துவிட்டது. மூன்றாம் நாள், ‘எந்தத் திட்டத்தின் கீழ் கட்டியது’ என்று விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். அடியிலும் மேலும் பார்த்தார், அகலத்தை அளந்தார், ‘உள்ளது’ என்று எழுதிக்கொண்டு போனார். அதைவிடச் சரியாக யாரும் எழுதியிருக்க முடியாது.

ஒரு வாரத்தில் அது எப்போதும் இருந்தது போல் ஆகிவிட்டது. ஒன்பதாம் வளையத்தில் N என்ற எழுத்து நின்ற மூலை எந்நேரமும் குளுகுளுவென்று இருந்ததால், மீன்காரி செங்கேணி கூடையை அங்கே இறக்கிவைத்து இளைப்பாறினாள், மத்தி கெடவில்லை. பதினேழாம் வளையத்து S மூலையில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. அதற்கும் ஒரு பயன் உண்டாயிற்று: எல்லைத் தகராறு, பங்காளிச் சண்டை எதுவானாலும் ஊராட்சித் தலைவர் ராசாங்கம் இரண்டு தரப்பையும் அந்த மூலைக்கு அழைத்துப் போய் ‘பேசுங்கப்பா’ என்பார், ஐந்து நிமிடத்துக்கு மேல் எந்த வழக்கும் நீளவில்லை. எல்லாவற்றையும்விட ஜனங்களுக்குப் பிடித்தது திட்டுக்கரை ஓரத்து OH மூலை. அங்கே நல்ல தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ஊருக்குள் நுழைகிறவர்கள் அங்கே கால் கழுவிக்கொண்டுதான் நுழைவது என்று வழக்கமாயிற்று. கலியாணம் ஆகி வந்த ஒரு பெண்ணுக்கு அங்கேயே ஆரத்தி எடுத்தார்கள்.

பாலம் யாருக்குக் கட்டுப்பட்டது என்பதும் சீக்கிரமே தெரிந்தது. அட்சரத்தில் அஞ்சலாட்சிக்குப் பக்கத்து இருக்கை ரெஜினா, அச்சுப் பக்கத்தில் படம் அடங்கவில்லையே என்று ஒரு பிற்பகல் அஞ்சலாட்சியின் கணினியில் கோட்டின் நீளத்தைக் கொஞ்சம் குறைத்துக் கோப்பை ஓட்டினாள். கழியில் பாலம் மொத்தமும் ‘சர்’ரென்று சுருங்கி, இரண்டு கரையையும் விட்டு உள்ளே இழுத்துக்கொண்டது, செங்கேணியின் கூடை தண்ணீரில் விழுந்து, விற்ற மீன்போக மிச்ச மீன் வந்த இடத்துக்கே போயிற்று. ரெஜினா அலறிக்கொண்டு பழைய அளவைப் போட்டாள், பாலம் நீண்டு கரையைத் தொட்டது. அன்று முதல் மேனேஜர் குலோத்துங்கன் அந்தக் கணினியில் ‘தொடாதே’ என்று சீட்டு ஒட்டி, ஒரு செம்பருத்தியும் வைத்தார்.

எல்லோரும் பாலத்தில் போனார்கள், அஞ்சலாட்சி மட்டும் போகவில்லை. எட்டியப்பனின் படகில்தான் வந்தாள், போனாள். ‘எங்க அண்ணிக்கு மட்டும் தனிக் கப்பல்’ என்று அவன் கேலி செய்தான். புருஷன் தொழில்மேல் அவ்வளவு விசுவாசம் என்று பெண்கள் மெச்சினார்கள். உள்ளதைச் சொன்னால் அவளுக்குப் பயம். நாற்பத்தொன்றாம் வளையத்திலிருந்து கரையைத் தொட்டது ஒரே ஒரு கோடு, அந்த ஐந்தாவது கை. இருக்கக்கூடாத கை. அதில் ஊரே நடந்தது. வாரத்தில் மூன்று நாள் தேசப்பன் நடந்தான். தான் கால் வைக்கப் பயப்படும் இடத்தில் அவன் நடப்பதைப் படகிலிருந்து பார்த்துக்கொண்டு ஒருத்தி வாய்மூடி இருந்தாள் என்றால், அவள் என்ன மனுஷி என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள்.

பத்திரிகையின் சிறப்பிதழில் வர வேண்டியது என்பதால் மற்ற கட்டுரைகள் வந்து சேரும்வரை இந்தக் கட்டுரை காத்திருந்தது. சரியாக ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். அதன் முடிவில், சரிபார்க்கும் படியைக் குவரிகளோடு வெள்ளிக்கிழமைக்குள் பேராசிரியருக்கு அனுப்ப வேண்டும் என்று கடிதம் வந்தது. கடிதத்தை வாசித்த குலோத்துங்கன் பார்வை அவள்மேல் விழுந்த விதத்தில் அவருக்கும் எண்ணத் தெரியும் என்பது விளங்கியது.

விஷயம் எப்படியோ கசிந்து, புதன்கிழமை ராசாங்கம் ஏழெட்டுப் பேரோடும் ஒரு பை இறாலோடும் மாடியேறி வந்தார். “அம்மாடி, நீ பெரிய படிப்புக்காரங்க எழுதறதெல்லாம் பாத்துத் தெரிஞ்சிக்கினவ. நாங்க ஒண்ணும் கேக்கல. ஒரு எழுத்து, ஒரு கோடு மாத்தாம அனுப்பிடு. அவங்க ஊர்ல தப்பா இருந்தா இருந்துட்டுப் போவுது. நம்ம ஊர்ல சரியாத்தானே இருக்குது?”

செங்கேணி அவரை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். “அத எடுத்துட்டாங்கன்னா உம் புருசன எந்தத் தோள்ல தூக்கிக்கினு போவடி? அதச் சொல்லு மொதல்ல.”

 அஞ்சலாட்சி இறாலை வாங்கிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் தேசப்பன் எந்திரத்தோடு படுத்திருந்தான். இடது கையில் ஊசிகள். ஒரு குழாயில் போன ரத்தம் எந்திரத்தைச் சுற்றி மறு குழாயில் திரும்பி வந்துகொண்டிருந்தது. நான்கு மணி நேரம் ஆகும். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள், இத்தனை நாள் மறைத்ததையும் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள்.

அவன் கூரையைப் பார்த்தபடி கேட்டான். “அந்தத் தண்ணி சொட்டுற எடந்தானே?”

“ஆமா மாமா.”

“அதுல கால வச்சா ஒரு நடுக்கம் வருது புள்ள. நோவு ஒடம்பு, நடுங்குறது நாந்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன்.” சிரித்தான். “பாலமா அது. நல்ல வேள.”

“மாமா, அவங்க அந்தக் கோட்டையே எடுத்துட்டா?”

“படகு கட்டுற மொளையில நாலு கயிறு நிக்கும். அஞ்சாவதும் கட்டுனா எது எப்ப உருவும்னு மொளைக்கே தெரியாது. நான் போறப்ப உருவுனா பரவால்ல, அந்த செங்கேணி கூடையோட போறப்ப உருவுனா?” பிறகு கேட்டான்: “இந்தப் படத்த வச்சி அவங்க இன்னா பண்ணுவாங்க?”

“உப்பத் தண்ணியிலேர்ந்து பிரிக்கிற சல்லடை மாதிரி ஒண்ணு செய்யறாங்களாம். அச்சுல வந்தா வேற வேற ஊர்ல அதப் பாத்து செஞ்சி பாப்பாங்க.”

“தப்பா இருந்தா?”

“வராது. ஏன் வரலன்னு தெரியாம வருசக்கணக்கா செஞ்சிக்கினே இருப்பாங்க.”

“அப்ப கேளு. நீ எண்ணத் தெரிஞ்சவ. தெரிஞ்சவ கேக்காம வேற யாரு கேப்பா?”

அன்றைக்கே அவள் ஏழாவது குவரியை மறுபடியும் எழுதினாள். நீட்டவில்லை, குறைக்கவில்லை, தன் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. ‘சேர்மம் பதினான்கு, நாற்பத்தொன்றாம் வளையம், இரண்டாம் மூலைக் கார்பனில் ஐந்து பிணைப்புகள் வருகின்றன. சரிபார்த்துச் சொல்லவும்.’ அனுப்பிவிட்டு, பாத்ரூமில் போய் முகம் கழுவினாள்.

அடுத்த மூன்று நாள் திட்டில் அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்காக யாரும் சும்மாவும் இருக்கவில்லை. பேராசிரியர் பெயர் ஹெல்கா என்று ரெஜினா மூலம் தெரிந்துகொண்டு, அம்மன் கோவிலில் அந்தப் பெயருக்கே அர்ச்சனை செய்தார்கள். பூசாரி நட்சத்திரம் கேட்டபோது செங்கேணி யோசிக்காமல் ‘கார்த்திகை’ என்றாள். எட்டியப்பன் படகுக்குத் தார் பூசினான்.

திங்கட்கிழமை காலை பதில் வந்தது. அதை ரெஜினா சத்தமாக வாசித்தாள். இந்தப் படத்தை நான் மூன்று கட்டுரைகளில் இப்படியே வரைந்து அனுப்பியிருக்கிறேன், என்று எழுதியிருந்தார் ஹெல்கா. என் மாணவர்கள் பார்த்தார்கள், மதிப்பீட்டாளர்கள் பார்த்தார்கள், ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. வேறு இரண்டு ஆய்வகங்கள் இதைச் செய்ய முயன்று ஏன் வரவில்லை என்று கேட்டு எனக்கு எழுதிக்கொண்டிருக்கின்றன, எனக்கும் புரியாமல் இருந்தது. OH இரண்டாம் மூலையிலேயே இருக்கட்டும். வால் அதனுடையது அல்ல; அதற்கு அடுத்த மூலையுடையது. இரண்டை மூன்றாக்குங்கள்.

எடுக்கச் சொல்லவில்லை, நகர்த்தத்தான் சொல்லியிருந்தார். அஞ்சலாட்சி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எட்டியப்பனுக்குப் போன் செய்து, ‘பாலத்துல ஒரு ஈ காக்கா இருக்கக்கூடாது, எல்லாரையும் எறக்கு’ என்றாள். கால் மணி நேரத்தில் இரண்டு கரையும் தலைகளாக நிறைந்தன. மாடியில் மற்ற பதினேழு பேரும், கூடவே மாவு மில்காரரும், அவள் முதுகுக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றார்கள். அவள் செய்தது ஒரே ஒரு எண்ணை அழித்து ஒரு எண்ணைப் போட்டதுதான். மவுஸால் வரைந்திருந்தால் வளையத்தையே பிரித்து மறுபடி பூட்ட வேண்டும். எழுதியதால், மற்ற நாற்பது வளையமும் இருந்த இடத்தில் இருந்தன. கோப்பை ஓட்டினாள்.

கழியில் அந்தக் கோடு, படுத்திருந்த மாடு கால் மாற்றிப் போடுவது போல மெல்ல எழுந்து, தெற்கே ஒரு கட்டில் தூரம் நகர்ந்து, மூன்றாம் மூலையில் பொருந்தி, மறுமுனையை இறக்கியது. இவ்வளவு நாளும் அது சேற்றில் ஊன்றியிருந்தது. இப்போது இறங்கிய இடம், புயல் விட்டுவைத்த பழைய பாலத்தின் கருங்கல் தூண். அளந்து வெட்டினாலும் அப்படி உட்காராது. கரையில் நின்ற ஜனம் போட்ட கூச்சல் மாவு மில் சத்தத்தையும் தாண்டி மாடிவரை கேட்டது. இரண்டாம் மூலையில் தண்ணீர் பழையபடி சொட்டிக்கொண்டிருந்தது.

மாலை ஐந்து மணிக்கு அஞ்சலாட்சி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கழிக்கரைக்கு வந்தாள். எட்டியப்பன் படகில் இருந்தபடியே பார்த்தான். அவள் படகைக் கடந்து போய்ப் பாலத்தில் ஏறினாள். அவன் கேலி செய்யவில்லை. ஒன்பதாம் வளையத்தில் உட்கார்ந்திருந்த செங்கேணி எழுந்து கூடையை நகர்த்தி வழி விட்டாள், “நட தாயி” என்றாள். பதினேழில் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். தான் எழுதிய ஒவ்வொரு மூலையும் காலடியில் வந்து வந்து போனது. எந்த வளையத்திலும் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் விலகியிருக்கவில்லை. நாற்பத்தொன்றில் நின்று, சொட்டும் நீரில் கால் கழுவிக்கொண்டாள். மூன்றாம் மூலைக்கு வந்தாள். எண்ணினாள். ஒரு பக்கம் இரட்டை, இரண்டு. மறுபக்கம் ஒற்றை, மூன்று. கரைக்குப் போகும் கோடு, நான்கு. காலை வைத்தாள். நடுக்கம் இல்லை.

கருங்கல் தூணின் மேல் தேசப்பன் நின்றிருந்தான். ஊசி ஏறும் இடது கையை அவன் இரண்டு வருடமாக ஆஸ்பத்திரிக்காரர்களைத் தவிர யாரும் தொட விட்டதில்லை, குழந்தையைப் போல மார்போடு அணைத்தபடியே திரிவான். அந்தக் கையைத்தான் இப்போது அவளை நோக்கி நீட்டினான்.

“வா புள்ள” என்றான், “இது அஞ்சாவது.”

அவள் பிடித்துக்கொண்டாள்.